பாலு பாடிய சில வரிகள்

திருத்தணியைத் தாண்டி நகரியை நெருங்கும்போது கடைகளின் பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறும். சென்னையிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் வந்து போகும் நம் குடும்பத்தார் அனைவரும் அறிந்த காட்சி அது. சன்னலோரம் அமர்ந்த குழந்தைகள் அதுவரை தமிழ்ப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வருவார்கள். அவ்விடம் வந்ததும் தெலுங்குக்கு மாறிக்கொள்வார்கள். பெரியவர்களாகிய நாமோ கண்ணை மூடிக்கொண்டு, புத்தூர் வந்தால் எழுப்புமாறு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு உறங்கத் தொடங்குவோம்.

2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு மாலை, அவ்வாறே அரைத்துயிலில் இருந்தேன். ஓட்டுநர் புதுப்பாட்டு ஒன்றை ஒலிக்கவிட்டார். பறை முழங்குவது போன்ற பேரோசை. அது தோலில் பிறந்த முழக்கமா, கணிப்பொறியில் பிறந்த முழக்கமா என்று பிரித்தறிய இயலாத கலவை. அதன்மேல் இளைஞர் ஒருவரின் குரல் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. தூக்கம் கெட்டதே என்று மனத்துக்குள் சலித்துக்கொண்டேன். திடீரென்று அந்த இரைச்சலுக்கு நடுவே வேறொரு குரல் எழுந்தது. நடத்துநர் பயணச்சீட்டுக் கிழிப்பதை நிறுத்திவிட்டு, “மன பாலு!” என்றார் தெலுங்கில். எனக்கு முன்னிருக்கையில் மடியில் பூக்கூடையோடு அமர்ந்திருந்த அம்மாள், “எஸ்.பி.பி. இல்லையா இது!” என்றார் தமிழில். இருவர் முகமும் மலர்ந்தன. மலர்ந்து முடிவதற்குள் அந்தக் குரல் மறைந்துவிட்டது. இளைஞரின் குரலே மீண்டும் ஓடிற்று.

“அந்தேனா?” என்றார் நடத்துநர்.

“அவ்வளவுதானா?” என்றார் அம்மாள்.

இரண்டு மொழிகளிலும் ஒரே வினா. அந்த வினாவைப் பற்றியதே இக்கட்டுரை.

பாட்டின் பெயர் ‘மரண மாஸ்’. பெயரைக் கேட்டு முதியோர் அஞ்ச வேண்டா. இக்காலத்து இளைஞர் நாவில் ‘மரணம்’ என்பது மிகுதியைக் குறிக்கும் ஓர் அடைமொழி, அவ்வளவே. கார்த்திக் சுப்புராஜ் இயக்கிய ‘பேட்ட’ திரைப்படத்துக்காக அனிருத் இசையமைத்து, அவரும் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்களும் பாடியது. 2018 டிசம்பர் 3-ஆம் நாள் அது முதலில் தனியே வெளிவந்தது. படம் 2019 ஜனவரி 10-ஆம் நாள் திரைக்கு வந்தது. முற்காலத்தில் ஒரு படத்தின் பாட்டுகள் அனைத்தும் இசைத்தட்டிலோ ஒலிநாடாவிலோ ஒன்றாக வரும். நாம் கடையில் காத்திருந்து வாங்குவோம். இன்று அவ்வாறன்று. விருந்துக்கு முன் கையில் ஒரு துண்டு இனிப்பைக் கொடுப்பது போல, ஒரு பாட்டை மட்டும் முன்னதாக வெளியிட்டு, ஊரெல்லாம் அதைப் பற்றியே பேசச் செய்வது இக்காலத்து வணிக முறை. ‘சிங்கிள்’ என்று அதற்குப் பெயர்.

ஊர் பேசிற்று. ஏனெனில் அது வெறும் புதுப்பாட்டன்று, ஒரு திரும்புதல். ரஜினிகாந்த் திரையில் முதன்முதல் தோன்றும்போது ஒலிக்கும் பாட்டை எஸ்.பி.பி. பாடுவது ஏறத்தாழ ஒரு சம்பிரதாயமாகவே ஆகியிருந்தது. ‘அண்ணாமலை’ (1992), ‘பாட்ஷா’, ‘முத்து’ (இரண்டும் 1995), ‘அருணாசலம்’ (1997), ‘படையப்பா’ (1999), ‘சந்திரமுகி’ (2005), ‘சிவாஜி’ (2007) என்று அந்த வரிசையை நம் வீட்டுப் பிள்ளைகள் வாய்பாடு போல ஒப்பிப்பார்கள். 2014-ஆம் ஆண்டு வெளிவந்த ‘லிங்கா’வோடு அந்தச் சங்கிலி அறுந்தது. அடுத்து வந்த ‘கபாலி’, ‘காலா’, ‘2.0’ ஆகிய மூன்று படங்களிலும் அக்குரல் இல்லை. கோயில் திருவிழாவில் சுவாமி புறப்பாட்டுக்கு வழக்கமாக வாசிக்கும் நாதசுரக்காரர் வாராமற்போனால், உற்சவம் குறைவின்றி நடந்தாலும், மக்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள் அல்லவா? அத்தகைய குறை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அக்குறை நீங்கப்போகிறது என்ற செய்தி வந்தபோது, பாட்டைக் கேட்பதற்கு முன்பே மகிழ்ந்தவர்கள் பலர். கேட்டபின் எழுந்ததுதான் அந்த “அவ்வளவுதானா?”

அந்த மாதம் முழுவதும் சித்தூரிலும் திருப்பதியிலும் நான் போன வீடுகளில் எல்லாம் இதே பேச்சு. நம் சங்கத்து அன்பர்களில் திரையிசையைச் சற்று இளக்காரமாக எண்ணுவோரும் உண்டு, அவர்கள் பொறுத்தருள்க.

சித்தூரில் ஒரு பெரியவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே வாழ்ந்து ஓய்வு பெற்றவர். அவர் கோபமே கொண்டிருந்தார். “வீட்டுக்குப் பெரியவரைப் பத்திரிகை வைத்து அழைக்கிறோம். வந்தவரைப் பந்தியில் உட்கார வைக்காமல், வாசற்படியிலேயே தாம்பூலத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவதா? அதற்கு அழைக்காமலே இருந்திருக்கலாம்” என்றார். அவருடைய பேரன் கல்லூரி மாணவன். அவன் வேறு விதமாகச் சொன்னான்: “தாத்தா, இது உட்கார்ந்து கேட்கும் பாட்டில்லை, எழுந்து ஆடும் பாட்டு. அதில் அவர் குரல் வருவது, பெரியவர் நடுவில் வந்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போவது மாதிரி. அனிருத் அழைக்காவிட்டால் இதுவும் இல்லை.” தாத்தா அதை ஒப்பவில்லை. ஆசீர்வாதத்துக்கு எழுபத்திரண்டு வயதில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய் நிற்க வேண்டுவதில்லை என்றார்.

திருப்பதியில் ஒரு வீட்டில் சமையலறையிலிருந்த அம்மையார் இந்த வழக்கில் எந்தப் பக்கமும் சேரவில்லை. மகனுடைய கைப்பேசியை வாங்கி, அந்தச் சில வரிகள் வரும் இடத்தை மட்டும் மறுபடியும் மறுபடியும் ஓடவிட்டுக் கேட்டார். குறை சொல்வதைவிட இது நல்ல வழியாகவே எனக்குப் பட்டது. ஆயினும் பெரியவரின் கோபம் நியாயமான கோபம் என்பதே என் கருத்து. அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமாயின், சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

எல்லைக்கோட்டில் பிறந்த குரல்

பாலசுப்பிரமணியம் 1946-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் பிறந்தவர். பிறந்த ஊர் பள்ளிப்பட்டை அடுத்த கோனேட்டம்பேட்டை. இன்று அது தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. அவர் பிறந்த காலத்தில் இந்தப் பள்ளிப்பட்டு வட்டாரம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின், ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும் பட்டாஸ்கர் அவர்களின் நடுவர் தீர்ப்பும் கண்டு, 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. நம்மில் பலருடைய தாய்வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே அந்தக் கோடு ஓடுகிறது. அவர் பிறந்த ஊரும் அந்தக் கோட்டின்மேல்தான்.

வீட்டில் பேசிய மொழி தெலுங்கு. தந்தையார் சாம்பமூர்த்தி நெல்லூரில் வாழ்ந்த அரிகதைக் கலைஞர். பாலுவோ நகரியில் தாய்மாமன் வீட்டில் தங்கிப் படித்தார். பின்னர்க் காளத்தியில் பள்ளிப்படிப்பு. திருப்பதிக் கலைக் கல்லூரியில் புகுமுக வகுப்பு. ஆதலின் திருப்பதியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து “எஸ்.பி.பி. எங்களவர்” என்று ஒரு தமிழர் சொன்னால், “மா பாலு” என்று பக்கத்து மேசையிலிருந்து மறுமொழி வரும். இருவர் சொல்வதும் மெய். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது காளத்தி அதனோடு போயிற்று. நகரி சித்தூரிலேயே தங்கிற்று. அவர் படித்த ஊர்களுக்கு நடுவேயும் இப்போது ஒரு கோடு ஓடுகிறது!

சங்கம் நடத்தும் நமக்கு இன்னொரு செய்தி இனிப்பாக இருக்கும். பொறியியல் படிப்பதற்காக அனந்தபூருக்கும் பிறகு சென்னைக்கும் வந்த அந்த இளைஞரை உலகுக்குக் காட்டியது ஒரு திரைப்பட நிறுவனமன்று. சென்னையில் வாழ்ந்த தெலுங்கு அன்பர்கள், நம்மைப் போலவே வெளியூரில் தம் மொழியைப் பேணுவதற்காக நடத்திய ஒரு பண்பாட்டு அமைப்பு, 1964-ஆம் ஆண்டு புதிய பாடகர்க்கென ஒரு போட்டி வைத்தது. அதில் முதற்பரிசு பெற்றார். அங்கே அவரைக் கேட்ட இசையமைப்பாளர் எஸ்.பி. கோதண்டபாணியே 1966 டிசம்பரில் அவரை முதன்முதல் திரைக்குப் பாடவைத்தார். அந்நன்றியை அவர் மறக்கவில்லை; பிற்காலத்தில் தாம் அமைத்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கோதண்டபாணியின் பெயரையே வைத்தார். நம் ஆண்டுவிழாவில் பிள்ளைகள் பாடும்போது முன்வரிசையிலேயே பேசிக்கொண்டிருக்கும் அன்பர்கள் இதைச் சற்று நினைவில் கொள்வார்களாக.

தமிழில் பாட வாய்ப்புக் கேட்டுச் சென்றபோது, எம்.எஸ். விசுவநாதன் அவர்கள் குரலைப் புகழ்ந்துவிட்டு, தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு வருமாறு சொல்லி அனுப்பினார். ஓராண்டு கழித்துத் திருத்திக்கொண்டு வந்தார். இதை அவரே பல மேடைகளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். வேற்றுமொழிப் பள்ளியில் படித்துவிட்டு, வீட்டில் தமிழ்ப் பாடத்தோடு மல்லாடும் நம் குழந்தைகளுக்கு அந்த ஓராண்டின் கதையைச் சொல்லலாம். அவருடைய லகர ளகரங்களைக் கேட்டுத் தம் உச்சரிப்பைத் திருத்திக்கொண்ட குடும்பங்களை இங்கேயே எனக்குத் தெரியும்.

காத்திருந்த கதாநாயகர்

1969-ஆம் ஆண்டு ‘அடிமைப் பெண்’ படத்தில் எம்.ஜி.ஆருக்குப் பாட அவருக்கு வாய்ப்பு வந்தது. கே.வி. மகாதேவன் இசை. ஒத்திகை முடிந்தபின், பதிவுக்கு முன், இளைஞர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறொருவரைக் கொண்டு பாடவைத்திருக்கலாம். அக்காலத்தில் பாடகர்களுக்கா பஞ்சம்? எம்.ஜி.ஆர். காத்திருந்தார். தமக்குப் பாடப்போவதாக நண்பர்களிடமெல்லாம் சொல்லியிருப்பான், அந்தப் பிள்ளையின் மனம் நோகலாகாது என்று அவர் கருதியதாக எஸ்.பி.பி. வாழ்நாள் முழுதும் நன்றியோடு சொல்லி வந்தார். அவ்வாறு பிறந்ததுதான் ‘ஆயிரம் நிலவே வா’.

இருபதுகளில் கால்வைத்த பாடகருக்காக ஐம்பத்திரண்டு வயதுக் கதாநாயகர் காத்திருந்தார், முழுப்பாட்டையும் கொடுத்தார். சித்தூர்ப் பெரியவருக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். அவருடைய கோபத்தின் வேர் இதுதான். பெயர் தெரியாத காலத்தில் கிடைத்த மரியாதை, ஆறு தேசிய விருதுகளும் பத்மபூஷணும் பெற்று, நாற்பதாயிரம் என்று உலகம் எண்ணும் பாட்டுகளைப் பாடி முடித்த காலத்தில் குறையலாமா என்பது அவர் வினா.

பேரன் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. பாட்டுச் செய்யும் முறையே மாறிவிட்டது. அக்காலத்தில் ஒரு கூடத்தில் வயலின்காரர், குழல்காரர், தபேலாக்காரர், பாடகர் அனைவரும் ஒரே நேரத்தில் நிற்பார்கள். ஒருவர் தவறினால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே பாடகர் அந்தக் கூட்டத்தின் தலைவர் போன்றவர். பிறகு சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவி வந்தது. 1982-ஆம் ஆண்டு ‘சகலகலா வல்லவன்’ படத்தில் அவர் பாடிய புத்தாண்டுப் பாட்டு இன்றும் டிசம்பர் 31 நள்ளிரவில் ஒலிக்காத தெரு இல்லை. 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணிப்பொறி வழிப் பிறந்த ஓசைகளைக் கொணர்ந்தார். 1992-இல் ‘ரோஜா’வோடு ஏ.ஆர். ரகுமான் வந்தார். இவை எல்லாவற்றிலும் எஸ்.பி.பி.யின் குரல் இருந்தது. பொறியைக் கண்டு அஞ்சிய பாடகர் அல்லர் அவர்.

இன்றைய முறையில் இசையமைப்பாளர் தாளத்தையும் ஓசைகளையும் கணிப்பொறியில் அடுக்கி வைத்துவிடுகிறார். பாடகர் தனியே வந்து, காதில் ஒலிவாங்கிய குமிழை மாட்டிக்கொண்டு, தம் பகுதியை மட்டும் பாடிவிட்டுப் போகிறார். உடன்பாடுபவரை அவர் பாராமலே இருக்கலாம். எந்த வரி யாருக்கு, எத்தனை வரி தங்கும், எத்தனை வரி போகும் என்பதெல்லாம் அவர் வீடு திரும்பியபின் முடிவாகும். இவ்வாறு செய்யப்படும் பாட்டில் குரல் ஒரு நிறம். பல நிறங்களுள் ஒன்று. இருபத்தெட்டு வயது அனிருத்துக்கு எஸ்.பி.பி.யின் குரல் தம் ஓவியத்தின் நடுவே வைத்த ஒரு பொற்பொட்டு. அவர் கணக்கில் அது அவமரியாதை அன்று. ஆனால் நாம் பொட்டைப் பார்க்கப் போகவில்லையே, முகத்தைப் பார்க்கவல்லவா போனோம்!

இத்தகைய வழக்கு நம்மிடம் மட்டும் நடப்பதன்று. சுவீடன் நாட்டில் ‘அபா’ என்று ஓர் இசைக்குழு. ஆண் இருவர், பெண் இருவர். மின்னிசைக் கருவிகளைக் கொண்டு எழுபதுகளில் உலகையே ஆடவைத்தவர்கள். 1982-க்குப் பின் அவர்கள் நெடுங்காலம் ஒன்றாகப் புதுப்பாட்டு வெளியிடவில்லை. 2021 செப்டம்பர் 2-ஆம் நாள், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, இரண்டு புதுப்பாட்டுகளை வெளியிட்டார்கள். குரல்கள் வயதால் தாழ்ந்திருந்தன. தாழ்ந்ததே அழகு என்றவர்கள் உண்டு; பழைய பாட்டுகளையே கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம் என்றவர்களும் உண்டு. அடுத்த ஆண்டு இலண்டனில் அவர்கள் தங்கள் இளமைக்கால உருவங்களைப் பொறியால் படைத்து மேடையேற்றினார்கள். மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு சென்று பார்த்தார்கள். இதை நான் வியந்து சொல்லவில்லை. பின்னால் வரும் ஒரு செய்திக்காகச் சொல்லி வைக்கிறேன்.

முழுப்பாட்டு வந்தது

பெரியவர்களின் மனக்குறை எங்ஙனமோ சென்று சேர்ந்தது போலும். மறு ஆண்டு, 2019 நவம்பர் 27-ஆம் நாள், ‘தர்பார்’ படத்துக்காக அதே அனிருத் இசையில், அதே கதாநாயகருக்காக ‘சும்மா கிழி’ வெளிவந்தது. இம்முறை பாட்டின் பாரத்தை எஸ்.பி.பி.யே சுமந்தார். மெட்டு எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதே என்று இளைஞர்களில் சிலர் குறை சொன்னார்கள். சித்தூர்ப் பெரியவரிடம் போய் அதைச் சொன்னேன். “கேட்டதுபோல் இருக்கட்டும். கேட்டதுபோல் இருப்பதற்காகத்தானே கேட்கிறேன்!” என்றார். பேரன் சிரித்தான். அந்த வீட்டில் ஓராண்டாக நடந்த வழக்கு அன்றைக்குத் தீர்ந்தது.

2020 ஆகஸ்டு 5-ஆம் நாள் கொரோனா நோயால் எஸ்.பி.பி. சென்னை மருத்துவமனையில் சேர்ந்தார். பெரிதாக ஒன்றுமில்லை, விரைவில் வந்துவிடுவேன் என்று அவரே பேசிப் பதிவு செய்து அனுப்பினார். ஐம்பத்தொரு நாட்கள். அந்நாட்களில் சித்தூரிலும் திருப்பதியிலும் நாம் எப்படியிருந்தோம் என்பதை நான் எழுத வேண்டுவதில்லை. எல்லைச் சாவடிகள் அடைபட்டிருந்தன. தாய்வீட்டுச் சாவுக்கும் போக முடியாமல் இருந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு, தமிழ்த் திரையுலகத்தார் அழைத்ததற்கிணங்க, அவரவர் வீட்டிலேயே அவருடைய பாட்டை ஒலிக்கவிட்டு வேண்டிக்கொண்டார்கள். நம் தெருக்களிலும் ஒரு வீட்டில் தமிழும் அடுத்த வீட்டில் தெலுங்குமாக அக்குரல் கேட்டது. செப்டம்பர் 25-ஆம் நாள் மறைந்தார். மறுநாள் சென்னைக்கு வெளியே தாமரைப்பாக்கத்தில் அடக்கம் செய்தார்கள். நகரியிலிருந்து அது நெடுந்தொலைவு அன்று.

ஓராண்டு கழித்து, 2021 அக்டோபர் 4-ஆம் நாள், ‘அண்ணாத்த’ படத்தின் முதற்பாட்டு வெளிவந்தது. இமான் இசை. எஸ்.பி.பி. முன்பே பாடிக்கொடுத்திருந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் தம் குரலாக வாழ்ந்தவர் பாடும் கடைசிப் பாட்டு இதுவாகும் என்று தாம் கனவிலும் நினைக்கவில்லை என்று ரஜினிகாந்த் எழுதினார். அந்தப் பாட்டைப் பற்றி “அவ்வளவுதானா?” என்று எவரும் கேட்கவில்லை. பாட்டு எப்படி என்றும் கேட்கவில்லை. திருப்பதியில் அந்த அம்மையார் வீட்டில், பாட்டு முடிந்தபின் அவரே எழுந்து சென்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இல்லாதவர் பாடும் பாட்டு

இதோடு முடித்திருப்பேன். ஆனால் அதன்பின் நடந்தவை வேறு கதையாகப் போகின்றன.

மறைந்த பாடகரின் பழைய பதிவுகளைக் கணிப்பொறிக்குப் பயிற்றுவித்து, அவர் பாடாத புதுப்பாட்டை அவர் குரலிலேயே பாடவைக்கும் வித்தை இப்போது வந்திருக்கிறது. ‘செயற்கை நுண்ணறிவு’ என்கிறார்கள். 2024-ஆம் ஆண்டு வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தில் ஏ.ஆர். ரகுமான், மறைந்த பாம்பா பாக்யா, சாகுல் அமீது ஆகிய இருவரின் குரல்களை இவ்வாறு கொணர்ந்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்று, உரிய ஊதியமும் அளித்ததாக அவர் அறிவித்தார். ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி.யின் குரலை இசைவின்றிப் பொறியால் உண்டாக்கிப் பயன்படுத்தினார்கள் என்று அவர் மகன் சரண் அப்படத்தார்க்கு வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பினார். தந்தையின் குரலை அழியாமல் வைக்கும் கலையைத் தாம் வெறுக்கவில்லை, கேளாமல் எடுத்ததையே எதிர்க்கிறோம் என்பது குடும்பத்தாரின் நிலை. நம் வீட்டு முற்றத்து மாமரத்தில் பழம் பறிக்க வருபவர் நம்மைக் கேட்டுவிட்டுப் பறிப்பதுதானே முறை?

‘கேளடி கண்மணி’ (1990) படத்தில் அவர் மூச்சுவிடாமல் பாடியதாகப் புகழ்பெற்ற ஒரு பாட்டு இருக்கிறது. அது முழுவதும் ஒரே மூச்சில் பாடியதன்று, ஒலிப்பதிவின் உத்தியும் அதில் உண்டு என்று அவரே ஒளிவின்றிச் சொன்னார். பொறி அன்று அவருடைய மூச்சை மறைத்தது. மறைத்ததைச் சொல்ல அவர் இருந்தார். இன்று பொறிக்கு மூச்சே வேண்டுவதில்லை. சொல்லவும் அவர் இல்லை. பொறி பாடினால் சில வரிகள் என்ன, எத்தனை முழுப்பாட்டு வேண்டுமானாலும் கிடைக்கும். பேருந்தில் அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது இதற்காகவா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். எழுபத்திரண்டு வயதில் ஒரு மனிதர் எழுந்து சென்று, ஒலிவாங்கியின் முன் நின்று, நமக்காகப் பாடினார் என்ற எண்ணமல்லவா அந்த மலர்ச்சிக்குக் காரணம்?

2024 செப்டம்பரில் ‘வேட்டையன்’ படத்தின் ‘மனசிலாயோ’ வெளிவந்தது. மீண்டும் ரஜினிகாந்த், மீண்டும் அனிருத். சித்தூர்ப் பெரியவர் வீட்டில் அன்று நான் இருந்தேன். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. காது மட்டும் கூர்மை. பேரன் பாட்டைப் போட்டான். ஒரு குரல் எழுந்ததும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மலேசியா வாசுதேவன்!” என்றார். ‘முரட்டுக்காளை’ (1980) காலத்திலிருந்து அக்குரலை அறிந்தவர் அவர். பிறகு அவருக்கே நினைவு வந்தது. “அவர் போய்ப் பல வருஷம் ஆயிற்றே?” என்றார்.

2011-இல் மறைந்தவர்தாம் என்றும், இது பொறி பாடியது என்றும் பேரன் சொன்னான். பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் மகன் யுகேந்திரனும் இதே பாட்டில் உடன் பாடியிருக்கிறார் என்று பேரன் சேர்த்துச் சொன்னான்.

“பிள்ளை பாடியிருக்கிறானா? அப்படியானால் அந்த இடத்தைப் போடு.”

பேரன் பாட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தான். எந்த வரி பிள்ளையுடையது, எந்த வரி பொறியுடையது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.